பாடமாக்கிய ஏழு வரிகள்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. இன்று ஞாயிறு. உனக்குப் பதில் போட நான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டது இதுவே முதல் தடவை. அப்பாவுக்குக் கோபமோ, மறுபடி மூச்சிழுப்போ என்று நீ யோசித்திருப்பாய். இரண்டும் இல்லை. ராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்கு உன்னைத் தெரிவு செய்துவிட்டார்கள், அடுத்த மாதம் மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே வாழ்த்து எழுதித் தபாலில் சேர்த்திருப்பேன். கடைசிப் பக்கத்தில், ஏதோ சின்ன விஷயம் போல, இடது கண் கொஞ்சம் மக்கர் செய்கிறது என்று எழுதியிருந்தாய். அப்பா ஆஸ்பத்திரியில் கண் பகுதிக் கிராணியாகப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர்தானே, சுவரில் மாட்டியிருக்கும் அந்த எழுத்து அட்டையை வரி வரியாக எழுதி அனுப்பினால் பாடமாக்கிக்கொள்வேன் என்றும் எழுதியிருந்தாய். கீழே ஒரு கிண்டல் வேறு: "நம் வீட்டில் யாரும் எந்தச் சோதனையிலும் தோற்றதில்லையே, நான் மட்டும் தோற்கலாமா?"

அதைப் படித்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதே வேண்டுகோளை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், வேறொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில், இதே பினாங்கில். அவர் உன் பெரியப்பா. அன்றைக்கு நான் மறுக்கவில்லை, எழுதிக் கொடுத்தேன். அந்த விஷயத்தை இத்தனை வருஷமும் ஒருவரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது, அதுவும் உன்னிடம்.

கூடத்தில் இருக்கும் பெரியப்பாவின் படம் உனக்குத் தெரியும். காக்கிச் சட்டை, தொப்பி, தோளில் லெப்டினன்ட் பட்டி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். உன் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் பெரியம்மாதான். நாலு வயதில் நீ அவருடைய சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பெரியப்பா ஏன் என்னை முறைக்கிறார்?" என்று அழுதாய். "முறைக்கேல்லையடா ராசா, வெயில் கண்ணிலை படுகுது" என்று பெரியம்மா சமாளித்தார். ஸ்டூடியோவுக்குள் ஏது வெயில்? அண்ணனுக்குக் கேமரா தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, படம் எடுப்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எடுத்த படம் அது.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒன்பது வயதிலிருந்தே சோடாப்புட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் தபால் பெட்டிக்கும் குட்மார்னிங் சொல்லுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். எஸ்பிளனேட் கடற்கரையில் நடக்கும்போது கண்ணாடியைத் துடைக்க நின்றாரானால், ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொள்வார். துடைத்து மாட்டிய பிறகுதான் கையை எடுப்பார். அவருக்கு அபாரமான ஞாபக சக்தி. ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தால் மூன்றாவது தடவை புத்தகம் வேண்டாம். உன் தாத்தாவுக்கு, எங்கள் ஐயாவுக்கு, அது பெரிய பெருமை. ஐயா அரசாங்க ஆபீசில் தலைமைக் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு சர்டிபிகேட்டுமாக வந்து இறங்கியவர். அந்தச் சர்டிபிகேட்தான் சோறு போட்டது, வீடு கட்டியது, பெண் எடுத்துக் கொடுத்தது. அதனால் உலகத்தில் எது எதிரே வந்தாலும் அது அவருக்கு ஒரு சோதினை, அதைப் பாடமாக்கித் தாண்ட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்பார். "தெரியாது" என்று சொன்னால் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். "தெரியாது எண்ட சொல்லு இந்த வீட்டிலை கேக்கப்படாது" என்பார். நானும் அதையேதான் உன்னிடம் செய்தேன். ஏழு வயதில் நீ பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுமாறி, "தெரியாதப்பா" என்றபோது பிரம்பை எடுத்தேன். உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அது என் பிழை. இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளப் போகிற பிழைகளில் சின்னது அது.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்கூட இல்லை, ஜார்ஜ் டவுன் மேல் குண்டு விழுந்தது. முதல் நாள் விமானங்கள் வந்தபோது சனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் பலரை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் பதிவேட்டில் எழுதினேன். பெயர் சொல்ல வாய் இல்லாதவர்களை எப்படி எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடம் மூடியது, அண்ணனுக்கு வேலை போனது. எந்தக் கொடி பறந்தாலும் புண்ணுக்குக் கட்டுப் போடத்தான் வேண்டும் என்பதால் என் வேலை தப்பியது. மரவள்ளிக்கிழங்கே மூன்று நேரச் சாப்பாடு ஆனது.

ஒரு நாள் அண்ணனும் அண்ணியும், அதாவது உன் பெரியம்மாவும், சந்தைக்குப் போய் வரும் வழியில், மூலையில் நின்ற காவல் சிப்பாயை அண்ணன் கவனிக்கவில்லை. அவனுக்குக் குனிந்து வணங்காமல் நடந்துவிட்டார். அவன் கூப்பிட்டு நிறுத்தி அறைந்தான். கண்ணாடி தெறித்துச் சாக்கடை ஓரம் விழுந்தது. அண்ணன் தரையில் கைகளால் துழாவித் தேடினார், அவன் சிரித்தானாம். அண்ணிதான் எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டார். அதன் பிறகு அவர் பழைய அண்ணனாகத் திரும்பவே இல்லை. எங்கே நின்றாலும் நெஞ்சை நிமிர்த்தியே நிற்கப் பழகினார், வீட்டுக்குள்கூட.

அந்த நேரத்தில்தான் இந்திய விடுதலைக்கென்று இங்கே ஒரு படை சேர்த்தார்கள். திடலில் தமிழ்ப் பொடியன்கள் அணிவகுத்து நடந்தார்கள். நேற்றுவரை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் துப்பாக்கியோடு தலை நிமிர்ந்து போனான். இன்னொரு பக்கம், சும்மா இருக்கும் ஆண்பிள்ளைகளைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பயம். போனவன் திரும்பவில்லை. அண்ணன் படையில் சேரப் போவதாகச் சொன்னார். ஐயா உடனே கேட்டது, "என்ன வேலையிலை எடுக்கிறாங்கள்?" என்றுதான். "சிப்பாயா அனுப்ப நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஆபீசர் எண்டால் போகட்டும்." நம் குடும்பத்துக்கு யுத்தத்திலும் உத்தியோகம் முக்கியம். நீ சிரிப்பாய். நானும் சிரித்திருப்பேன், முடிவு தெரியாமல் இருந்தால்.

அண்ணன் படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். அதிகாரிப் பயிற்சிக்குப் பெயர் வந்துவிட்டது. ஆனால் கண்ணாடி இல்லாமல் அட்டையின் ஏழு வரியையும் படிக்க வேண்டும் என்பது விதி. சோதனை எங்கள் ஆஸ்பத்திரியில், நான் இருந்த அறையிலேயே. இங்கிலாந்து ராஜாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியவர்கள் இங்கிலீஷ் எழுத்து அட்டையை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். முதல் வரியில் ஒரே ஒரு பெரிய எழுத்து. கீழே வர வர எழுத்து சிறுத்து, ஏழாவது வரி எறும்பு ஊர்கிறது போல இருக்கும்.

"டேய், ஏழு வரிதானே" என்றார் அண்ணன். "சீனியர் சோதினைக்கு முழுப் புத்தகத்தையும் பாடமாக்கினனான். எழுதிக் கொண்டு வா."

"அண்ணை, இது சோதினை இல்லை" என்று நான் சொல்லவில்லை. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. எனக்கும் அது ஒரு சோதினையாகத்தான் பட்டது. கேள்வித்தாள் என் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்குகிறது, அண்ணனுக்காக அதை எடுத்துக் கொடுப்பதில் என்ன தப்பு? சாப்பாட்டுச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் ஏழு வரியையும் பிரதி செய்து, சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று நாள் அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டே நடந்தார். கிணற்றடியில் சொன்னார், முடி வெட்டும்போது சொன்னார். கூப்பிட்டுக் கேட்டால் எந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்றும் சொல்லுவார்.

சோதனை அன்று அவர் கோட்டில் நின்றார். மருத்துவர் மதராஸ் பக்கத்துத் தமிழர். மூன்று பேர் செய்யும் வேலையைத் தனியாகச் செய்து களைத்துப் போனவர். ஒரு கண்ணை மறைக்கச் சொல்லிவிட்டுக் குச்சியால் முதல் வரியைத் தொட்டார். அண்ணன் சொன்னார். இரண்டு, மூன்று. குச்சி நாலாவது வரிக்குப் போய்ச் சேருமுன் அண்ணன் நாலாவதை முடித்து ஐந்தாவதைத் தொடங்கிவிட்டார். ஓரமாகப் பதிவேட்டோடு நின்ற நான் இருமினேன். அவருக்கு அது காதில் விழவில்லை. மருத்துவர் குச்சியை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனோ அட்டைக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தபடி, ஏழாவது வரியைக் கணீரென்று சொல்லி முடித்தார்.

"உங்க அண்ணனுக்கு ஞாபக சக்தி ரொம்ப நல்லா இருக்கு, கிராணி" என்றார் மருத்துவர். அவ்வளவுதான் பேசினார். கையெழுத்துப் போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு நொடியில் நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் பதிவேட்டைக் குனிந்து பார்த்தேன்.

அன்றைக்கு வீட்டில் கொண்டாட்டம். சீனி இல்லாத கோப்பியும் மரவள்ளி வடையும். ஐயா கோயிலுக்குப் போய் வந்தார், போகும் வழியிலும் வரும் வழியிலும் கண்டவர்களிடமெல்லாம் மகன் ஆபீசர் ஆகிறான் என்று சொன்னார். அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகனே, உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நாட்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட காரியத்தைச் செய்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பது இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சிங்கப்பூரில் பயிற்சி முடித்து, லெப்டினன்ட் ஆகி, பத்து நாள் லீவில் வந்தார். அப்போது எடுத்ததுதான் கூடத்துப் படம். மேலதிகாரிகள் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொள்வதாக என்னிடம் மட்டும் சொன்னார். இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. இன்னொன்று கையில் இருக்கட்டும் என்று சூலியா தெருவில் ஒரு முஸ்லிம் காக்காவின் கடையில் தேடினேன். யார் யாரோ விட்டுப்போன பழைய கண்ணாடிகளை ஒரு தட்டில் கொட்டி வைத்திருந்தார். ஒன்று ஏறக்குறையப் பொருந்தும் போல இருந்தது, கால் மட்டும் உடைந்திருந்தது. "ஒட்டி வைக்கிறேன், நாலு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்றார். நாலாம் நாள் போனால் கடை பூட்டியிருந்தது. அதன் பிறகு நான் போகவில்லை.

அண்ணன் புறப்பட்ட அன்று ஐயா, அண்ணி, நான் மூன்று பேரும் படகுத்துறைக்கு, ஜெட்டிக்குப் போனோம். ஃபெரியில் எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து ரயிலில் சயாம் வழியாகப் பர்மா போக வேண்டும். அண்ணன் படகின் ஓரத்தில் தன் ஆட்களோடு நின்றார். பெரிய அதிகாரிகள் இருந்ததால் கண்ணாடி போடவில்லை. படகு நகர்ந்ததும் கையை உயர்த்தி ஆட்டினார். எங்களைப் பார்த்து அல்ல. எங்களுக்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு சீனக் குடும்பம் நின்றது. அவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கையை ஆட்டினார். ஐயா ஒன்றும் கவனிக்காமல் பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அந்தச் சீனக் குடும்பத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், அண்ணனின் கண் போகிற இடத்தில். அப்போதே நான் ஓடிப்போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை போகும், ஐயாவுக்கு மானம் போகும், அண்ணன் என் முகத்தில் விழிக்க மாட்டார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, படகு சிறிதாகும்வரை நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரர்கள் திரும்ப வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக, முகமெல்லாம் மலேரியாவின் மஞ்சள்.

"லெப்டினன்ட் ஐயா வீடு இதுதானுங்களா? நானு மாரிமுத்துங்க. பைராம் தோட்டம். பட்டாளத்துல சாரு கம்பெனியில இருந்தேன்."

நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் படியிலேயே உட்கார்ந்தார். ஐயா எதிரில் நின்றார், அண்ணி கதவோரம். "சாரு சண்டையில போயிட்டாருங்க. கழுத்துல பட்டுச்சு, உடனே முடிஞ்சிருச்சு, கஷ்டப்படல" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டுக்குள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி உள்ளே போனார். ஐயா, "ஆபீஸ் கடிதம் ஒண்டும் வரேல்லையே" என்றார்.

அவரை ஜெட்டிவரை கொண்டுபோய் விட நான் கூட நடந்தேன். வழியில் அவர் மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே அண்ணனின் கண்ணாடி. ஒரு பக்கக் கண்ணாடி இல்லை, மற்றது குறுக்கே கீறியிருந்தது.

"வீட்டுப் பொம்பளைங்க முன்னாடி சொல்ல மனசு வரலீங்க" என்றார். "ஆத்தைத் தாண்டறப்ப இது உடைஞ்சு போச்சு. சாருக்கு இது இல்லாட்டி ஒன்னும் தெரியாது லா. எங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா மேல யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். அவ்வளவு நல்ல மனுசன். எழுதப் படிக்கத் தெரியாத பசங்களுக்கு மண்ணுல எழுதிக் காட்டிச் சொல்லித் தருவாரு. மூணு நாள் கழிச்சு, எங்க பதினோரு பேரைக் கூட்டிக்கிட்டு இன்னொரு கம்பெனியைப் போய்ப் பாக்கச் சொன்னாங்க. நல்ல பகலுங்க. ஓடைக்கு அந்தாண்ட ஆளுங்க நின்னாங்க. சாரு 'நம்ம ஆளுங்கதான்'னு எந்திரிச்சு நின்னு கையை ஆட்டினாரு. நானு கடைசியில இருந்தேன். 'சார், அது அவனுங்க'ன்னு கத்தறதுக்குள்ள சுட்டுட்டானுங்க. எந்தம்பி சாருக்குப் பின்னாலயே இருந்தான். தூக்கப் போனான். அவனும் அங்கேயே விழுந்துட்டான். நாலு பேருதான் திரும்பினோம்."

நான் டப்பாவை மூடினேன். பிறகு அவர் கேட்டார். "சாரு மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா ஒன்னு மட்டும் மனசுல கெடந்து அறுக்குது. அவ்வளவு கண்ணு தெரியாதவரை எந்த ஆஸ்பத்திரியில பாஸ் பண்ணி அனுப்பினாங்க?"

"யுத்த காலம். யார் ஒழுங்காகப் பார்த்தார்கள்?" என்றேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். ஃபெரியில் ஏறுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு அண்ணன், எனக்குத் தம்பி" என்று அழுதார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அவரோடு சேர்ந்து அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துகொண்டே அழுதேன்.

ஐயா அந்த ஆபீஸ் கடிதத்துக்காகக் காத்திருந்தார். காகிதம் வராமல் காரியம் செய்யக்கூடாது என்று சாதித்தார். அந்தப் படையே கலைந்துபோயிற்று, யார் கடிதம் போடுவார்கள்? தினமும் தபால்காரன் வரும் நேரம் சட்டை போட்டுக்கொண்டு வாசல் கேட்டடியில் நிற்பார். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு நாள் விழுந்து, மூன்றாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கும் சேர்த்து அந்தியேட்டிக் காரியம் செய்தோம், அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நாளில். தகர டப்பாவை நான் என் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன். ஒரு தடவை, நீ பிறந்த வருஷம், உண்மையைச் சொல்லிவிடுவது என்று பைராம் தோட்டத்துக்குப் போனேன். மாரிமுத்துவின் தாயார் லெப்டினன்டின் தம்பி வந்திருக்கிறார் என்று ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போட்டார். தேத்தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். சொல்லாமல் திரும்பி வந்தேன்.

இப்போது உன் விஷயம். உன் இடது கண் உன் பெரியப்பாவின் கண். நம் குடும்பத்துச் சொத்தில் உனக்குக் கிடைத்த பங்கு அது. நீ தைரியசாலி, கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அண்ணனும் அப்படித்தான். அவர் உயிர் அவருடையது, அதை அவர் எப்படிக் கொடுத்தாலும் நான் இவ்வளவு புலம்ப மாட்டேன். ஆனால் அதிகாரி என்றால் முன்னால் நடக்கிறவன். உனக்கு முன்னால் இருப்பதை நீ பார்ப்பாய் என்று நம்பிப் பின்னால் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கும் வீடு உண்டு, தாய் உண்டு, படியில் உட்கார்ந்து சேதி சொல்ல வரப்போகும் அண்ணன் உண்டு. ஏழு வரியைப் பாடமாக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய் நிற்க உனக்கு உரிமை இல்லை. எழுதிக் கொடுக்க எனக்கும் இருக்கவில்லை. கண் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ராணுவத்திலேயே வேறு வேலை இருக்கும். இல்லாவிட்டால் வெளியே இருக்கும். ஆபீசர் ஆகாவிட்டால் அப்பாவுக்கு அவமானம் என்று நினைக்காதே. அந்த அவமானத்துக்கு நான் ஆசைப்படுகிறேன்.

மேலே நாள் சொல்லும் வரிகளைத் தவிர இவ்வளவையும் வெள்ளிக்கிழமையே எழுதி முடித்தேன். ஆனால் உறையில் போட மனம் வரவில்லை. இந்தக் கதையை முதலில் கேட்க வேண்டியவர் நீ இல்லை. நேற்றுக் காலை கடிதத்தையும் தகர டப்பாவையும் கொண்டுபோய் உன் பெரியம்மா முன்னால் வைத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்தேன். என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போவது என்றுதான் இருந்தேன்.

படித்து முடிக்க அவருக்கு மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு டப்பாவோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கீறல் விழுந்த அந்த ஒற்றைக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, அந்த மூண்டு நாளும் அவர் என்னட்டைத்தான் ஒப்பிச்சுக் காட்டினவர். நான் அடுப்படியிலை கிழங்கு சீவிக்கொண்டு, நீங்கள் எழுதின தாளைப் பாத்துப் பாத்துக் கேட்டனான். கடைசி வரியிலை மட்டும் ரெண்டு எழுத்தை மாத்தி மாத்திச் சொன்னவர். பிழையாவே சொல்லட்டும், பெயிலாகட்டும் எண்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தனான். பிறகு அவரின்ரை முகத்தைப் பாத்தன். அந்த அறை விழுந்த பிறகு அண்டைக்குத்தான் அவர் சிரிச்சவர். நான்தான் திருத்தினனான், தம்பி. நான் திருத்தாட்டி அவர் இண்டைக்கும் இருப்பார்."

இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில், ஒரே படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டு, ஒரே பாரத்தை ஆளுக்கு ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அவர் ஏழாவது வரியை மெல்லச் சொன்னார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பிறகு, "அந்தத் தோட்டத்து மனிசரிட்டைப் போய்ச் சொல்லோணும். நானும் வாறன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைராமுக்குப் போகிறோம். மாரிமுத்து எங்களை அடித்து விரட்டினாலும் சரி. எழுந்து உள்ளே போகும்போது திரும்பி நின்று, "பொடியனுக்கு அதை எழுதி அனுப்பிப்போடாதேங்கோ" என்றார்.

அந்த ஏழு வரியும் இந்த வீட்டில் இரண்டு பேருக்கு இன்னும் பாடம், மகனே. இரண்டு பேரும் உனக்குச் சொல்ல மாட்டோம். நீ போய்க் கோட்டில் நில். கண்ணைச் சுருக்காதே. படிக்க முடிகிற வரிவரைக்கும் படி. அதற்குக் கீழே வந்ததும், "இதற்கு மேல் என் கண்ணுக்குத் தெரியவில்லை, டாக்டர்" என்று சொல். நம் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லும் முதல் ஆள் நீயாக இரு. அவர்கள் எந்த முடிவைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அங்கேயே ஒரு நல்ல கண்ணாடி செய்து மாட்டிக்கொண்டு, அடுத்த ரயிலில் வீட்டுக்கு வா. நானும் பெரியம்மாவும் ஜெட்டிக்கு வருகிறோம். ஃபெரி கரைக்கு வரும்போது நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று நன்றாகப் பார். பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டு.

உன் அப்பா